கையெழுத்துக்கு முன் ஒரு நடை

என் அக்கா மகனுக்கு 17 வயது. அவனுக்கென்று ஒரு கையெழுத்து கிடையாது. வங்கி அட்டையின் பின்புறத்தில்கூட, தேர்வுத்தாளில் எழுதுவதுபோலப் பெயரை முழுதாக எழுதி வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலஸ்டியர் சாலைக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மளிகைக்கடை ரசீது ஒன்றின் பின்னால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசியில் ஒரு சுழி. பிடிக்கவில்லை போலும், அடித்துவிட்டு மறுபடியும்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் ஒன்பது பக்க ஒப்பந்தம் காத்திருந்தது. சிங்கப்பூர்க் காற்பந்துக் குழு ஒன்று அவனை ஓராண்டுக்குக் கேட்டிருந்தது. அவனுக்கு 18 வயது ஆகாததால் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவோ அந்தக் கோப்பை அரிசி வாளியின்மேல் வைத்துவிட்டு, மூன்று நாள்களாக அதைத் தொடாமலே அரிசி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ரேடியோவுல ஊருக்கெல்லாம் பேசுறல்ல, உன் மருமகன்கிட்டயும் கொஞ்சம் பேசு” என்றார் என்னிடம். அத்தான் அதுகூடச் சொல்லவில்லை. “படிப்பு?” என்று ஒரே ஒரு சொல். அதற்குமேல் தொலைக்காட்சி.

பேசுவது என் தொழில்தான். ஆனால், 17 வயதுப் பையனிடம் உட்கார்ந்து பேசினால் அவன் கேட்பது கைப்பேசியைத்தான். அதனால் நடக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். பாலஸ்டியரில் தொடங்கி, ஃபேரர் பார்க் வழியாக, சிராங்கூன் சாலையைக் கடந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கம்வரை. லிட்டில் இந்தியாவைச் சுற்றி வரும் ஒரு நடை. காய்கறி, பூ, நகைக்கடை, கோவில் என்றுதான் இந்த வட்டாரத்தை நாம் அறிவோம். நம் பிள்ளைகள் விளையாடிய திடல்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கத்தின் திடல். பக்கத்திலேயே இலங்கைத் தமிழர்கள் முன்னின்று வளர்த்த சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், சற்றுத் தள்ளி சீக்கியர்களின் கால்சா சங்கம். ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒரு மன்றமும் புல்வெளியும் வைத்துக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம். காலை எட்டரை மணிக்கு யாரோ ஆடுதளத்தின்மேல் உருளையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இங்கதான் டிம் டேவிட் ஆடினான், தெரியுமா?” என்றேன்.

“எந்த டிம் டேவிட்? ஐபிஎல்-லயா?” அவன் நம்பவில்லை.

அதே டிம் டேவிட்தான். 1996-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தை சிங்கப்பூருக்காகக் கிரிக்கெட் ஆடியவர். குடும்பம் பெர்த்துக்குப் போய்விட்டது. 2019 ஜூலையில் இந்தத் திடலில் கத்தாருக்கு எதிராக டிம் டேவிட் சிங்கப்பூர்ச் சட்டை போட்டு முதல் டி20 அனைத்துலக ஆட்டம் ஆடினார். அதே ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், இதே திடலில், சிங்கப்பூர் 4 ஓட்டங்களில் ஸிம்பாப்வேயைத் தோற்கடித்தது. டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றை நாம் வீழ்த்திய அந்த நாளில் அவர் அணியில் இருந்தார். பிறகு 2022 பிப்ரவரி ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் அவரை 8.25 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

பையன் கம்பிவேலி வழியாகத் திடலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் சொல்ல நினைத்தது வேறு. 8.25 கோடி என்பது அவருக்கு முதல் ஒப்பந்தம் அல்ல. அதற்கு முன்னால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, ஒரு லீக்கிலிருந்து இன்னொரு லீக்குக்கு என்று குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே அவர் ஆண்டுகளை ஓட்டியிருந்தார். ஆனால், அந்தச் சமயத்தில் இதைச் சொன்னால் அத்தானின் குரலாகக் கேட்குமே என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து ஃபேரர் பார்க் பத்து நிமிட நடைகூட இல்லை.

ஃபேரர் பார்க் திடலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒரு வாரம் போதாது. 1843-லிருந்து இது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதனால் வந்தது. 1911-ல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது இங்கிருந்துதான். 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு திடல் விளையாட்டுக்கு வந்தது. 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி, சரணடைந்த இந்தியப் போர்வீரர்களை ஆயிரக்கணக்கில் இங்கேதான் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அதற்குப் பிறகு பல தலைமுறைகளுக்கு இது காற்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை.

என் தந்தை வேலை முடிந்து இங்கே வந்து வேடிக்கை பார்த்ததாகச் சொல்வார். ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் நடக்குமாம். எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்றே தெரியாதாம். இப்போது இங்கே வீவக வீடுகள் வருகின்றன. வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானே வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவன். ஆனாலும், பாரந்தூக்கிகளைப் பார்த்தபடி நின்றபோது, என் தந்தை சொன்ன அந்தப் பந்துகள் எங்கே போயின என்று தோன்றத்தான் செய்தது.

“தாத்தா காலத்துல இங்க ஆடினவங்களுக்கு எவ்வளவு சம்பளம் மாமா?” என்றான் பையன்.

நல்ல கேள்வி. அந்தக் காலத்தின் பெரிய பெயர்களை அவனுக்குச் சொன்னேன். வளைந்து உள்ளே திரும்பும் ‘வாழைப்பழ உதை’க்குப் பேர்போன எஸ். ராஜகோபால். தற்காப்பில் பாறைபோல் நின்ற சமட் அல்லாபிச்சை. அவர் தலைமையில்தான் 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை இங்கே கொண்டுவந்தார்கள். குவா கிம் சோங் தலையால் முட்டிய அந்த கோலை இன்றும் பெரியவர்கள் தங்கள் கழுத்தை ஆட்டிக் காட்டித்தான் விவரிப்பார்கள். இந்த அணியைச் சேர்ந்தவர்கள் காலையில் வேலைக்குப் போனவர்கள். மாலையில் பயிற்சி. சம்பளம் வேலையிடத்திலிருந்து வந்தது, காற்பந்திலிருந்து அல்ல.

ஃபிஃபாவின் விதிப்படி நிபுணத்துவ ஆட்டக்காரர் யார் என்பதற்கு இரண்டே நிபந்தனைகள். குழுவுடன் எழுத்துவடிவ ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் வர வேண்டும். மற்ற எல்லாரும் அமெச்சூர். அறுபதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்தினாலும் அமெச்சூர்தான். இதைச் சொன்னதும் பையன் நின்றுவிட்டான்.

“அப்ப நான் சைன் பண்ணா, சமட் அல்லாபிச்சையவிட நான் புரோவா?”

“பேப்பர்ல.”

சிரித்தான். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

சிங்கப்பூரில் இந்தக் காகிதத்துக்காகக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. ஃபாண்டி அகமது 1982-ல் இந்தோனீசியாவின் நியாக் மித்ரா குழுவுக்குப் போனார். அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. 1983-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவில் சேர்ந்தார். அந்த அக்டோபரில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராக அவர் கோல் அடித்தபோது வயது 21. எண்பதுகளின் கடைசியில் நம் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்குப் போனார். தமிழ்ப் பையன் ஒருவன் ஐரோப்பியக் குழுவுடன் ஒப்பந்தம் போட்டது அன்றைய நாளில் எத்தனை பெரிய செய்தி! அங்கே அவர் நீண்ட காலம் இருக்கவில்லை. ஆனால், 1993-ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் படுத்தபடி அவர் உதைத்த கோலைப் பார்த்த தலைமுறைக்கு, அவர் பாசலில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற கணக்கு முக்கியமே இல்லை. 2016 முதல் 2018 வரை தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார்.

உள்ளூரிலேயே காகிதம் கிடைக்கத் தொடங்கியது 1996-ல்தான். 1994-ல் மலேசிய லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர வென்றோம். நுழைவுச்சீட்டு வருமானப் பங்கில் தகராறு. வெளியே வந்தோம். எட்டுக் குழுக்களுடன் எஸ்-லீக் பிறந்தது. அந்த லீக் வளர்த்த பிள்ளைகளில் ஒருவர்தான் 1998 செப்டம்பரில் ஹனோய் நகரில், வியட்னாமுக்கு எதிரான டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றி கோலைப் போட்ட ஆர். சசிகுமார். பந்து அவர் முதுகில் பட்டுத்தான் உள்ளே போனது. அதனாலென்ன, 1-0 என்றால் 1-0.

பெருமாள் கோவில் கோபுரத்தைத் தாண்டி, சிராங்கூன் சாலையின் பக்கத் தெரு ஒன்றில் பசியாற உட்கார்ந்தோம். அவனுக்கு முட்டைப் பராட்டா இரண்டு, எனக்கு ஒன்று, இரண்டு தே தாரிக். ஞாயிறு என்பதால் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. பக்கத்து மேசையில் நான்கு ஊழியர்கள் ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புதுச் சட்டையைக் கைப்பேசிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் ஒப்பந்தம் போட்டுத்தான் வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பையனிடம் சொல்லவில்லை.

அங்கேதான் நான் அந்த ஒன்பது பக்கங்களையும் முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருந்தான்.

சம்பளம் எங்கே இருக்கிறது என்றுதான் எல்லாரும் முதலில் தேடுவோம். அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவன் வயதுக்குப் பெரிய தொகை, ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை. நான் விரலை வைத்து நின்றது நான்காம் பக்கத்தில். ‘குழுவின் மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பரிசோதனை எப்போது என்று தேதி இல்லை.

இந்த வரி என் கண்ணில் பட்டதற்குக் காரணம் நம் ஊர்க் காற்பந்து அல்ல, அமெரிக்க பேஸ்பால்.

வானொலியில் செய்தித் துணுக்கு தேடுவது என் வழக்கம். அப்படி ஒரு ஜூலையில் ‘குமார்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. குமார் ராக்கர். தந்தை அமெரிக்கக் காற்பந்து வீரர், தாய் இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காகப் பந்தெறிந்தவர். அமெரிக்காவில் ஒவ்வொரு ஜூலையும் ‘டிராஃப்ட்’ என்று ஒன்று நடக்கும். 30 குழுக்களும் வரிசையாக வந்து, பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பிள்ளைகளில் ஆளுக்கொருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். இப்போது 20 சுற்றுகள், ஏறக்குறைய 600 பேர். எந்தக் குழுவுக்குப் போவது என்று பையன் முடிவெடுக்க முடியாது. தேர்ந்தெடுத்த குழுவுடன் பேசலாம், தொகை பிடிக்காவிட்டால் மறுக்கலாம், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டதும் ஒரு பெருந்தொகை கைக்கு வரும். அதற்குப் பிறகு பெரும்பாலோர் சிறு லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் பேருந்தில் ஊர் ஊராகப் போவார்கள். மேலே போகிறவர்கள் சிலர்தான்.

2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் குழு குமாரை 10-வது ஆளாக எடுத்தது. 6 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் பேசி முடித்தார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவைப் பார்த்த குழு பின்வாங்கியது. கெடு முடிந்தது. கையில் ஒன்றும் இல்லை.

“சும்மாவே விட்டுட்டாங்களா?” பராட்டாவை விட்டுவிட்டான் பையன்.

விட்டுவிட்டார்கள். குமார் டிராஃப்டுக்கு அப்பாற்பட்ட ஒரு சிறு லீக்கில் போய்ப் பந்தெறிந்தார். அடுத்த ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் குழு அவரை 3-வது ஆளாகவே எடுத்து 5.2 மில்லியன் டாலர் கொடுத்தது. 2023-ல் முழங்கை அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் பெரிய லீக்கில் முதல் ஆட்டம். முதல் பேச்சுக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுகள்.

பேஸ்பால் என்றதும் வேறு இருவரும் நினைவுக்கு வருவார்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். கல்லூரியும் இல்லை, டிராஃப்டும் இல்லை. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்ததற்காகப் போய், 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவுடன் ஒப்பந்தம் போட்டவர்கள். அந்தக் கதை 2014-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமாகவும் வந்தது. படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். நிஜத்தில் இருவருமே பெரிய லீக்கை எட்டவில்லை. ரிங்கு சிங் பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார்.

சரி, நம் நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். காற்பந்தில் ஃபிஃபாவின் விதி இதற்கு நேர் எதிர். ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதை மருத்துவப் பரிசோதனையின் முடிவோடு கட்டிவைக்கக் கூடாது. பரிசோதிக்க வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்பே பரிசோதித்துவிட வேண்டும். கையெழுத்தான பிறகு, ‘முட்டியில் கோளாறு, காகிதத்தைக் கிழி’ என்று சொல்ல முடியாது. இன்னும் சில விதிகளும் உண்டு. 18 வயதுக்குட்பட்டவரோடு மூன்று ஆண்டுக்குமேல் ஒப்பந்தம் போட முடியாது. பருவத்தின் நடுவில் ஒருதலையாக முறிக்க முடியாது. இவை எங்கோ சூரிச்சில் எழுதிய விதிகள்தான். ஆனால், ஒவ்வொரு நாட்டின் உள்ளூர் ஒப்பந்தத்துக்கும் பொருந்துபவை.

அந்த வரியைப் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கிருந்தோ பிரதியெடுத்த பழைய வாசகமாக இருக்கலாம். ஆனால், 17 வயதுப் பையன் அதைப் படிக்கமாட்டான். சட்டையில் எந்த எண் கிடைக்கும் என்றுதான் கேட்பான். இவனும் அதைத்தான் கேட்டிருந்தான்.

“நீ இத படிச்சியா?”

“கோச் நல்லவரு மாமா.”

“கோச் நல்லவருதான். கோச் மாறிட்டா?”

பதில் இல்லை. தே தாரிக்கை ஆற்றிக் குடித்தான்.

கிச்சனர் சாலையில் வெயில் ஏறிவிட்டது. முஸ்தபா பக்கம் போகும் கூட்டத்துக்கு எதிராக நடந்தோம். இங்கேதான் அவன் தானாகவே தேசிய சேவையைப் பற்றி ஆரம்பித்தான். நான் பயந்துகொண்டிருந்ததும் அதுதான்.

பிரச்சினை இதுதான். அவன் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு. முழுநேர மாணவனாக இருக்கும்வரை, டிப்ளோமா முடியும்வரை, தேசிய சேவைக்கான அழைப்பு தள்ளிப்போகும். குழுவோ பகல்நேரப் பயிற்சிக்கு வரச் சொல்கிறது. பகலில் போனால் பாலிடெக்னிக்கை விட வேண்டும். விட்டால் 18 வயதில் சீருடை. இரண்டு ஆண்டு. அதாவது, ஓராண்டு ஒப்பந்தத்தின் பாதியிலேயே அவன் வேறோர் இடத்தில் ஓடிக்கொண்டிருப்பான், பந்து இல்லாமல்.

உலகில் வேறெந்த ஊர்ப் பையனுக்கும் 18, 19, 20 என்பவை ஆட்டக்காரனாக உருவாகும் ஆண்டுகள். நம் பையன்களுக்கு அவை நாட்டுக்குக் கொடுக்கும் ஆண்டுகள். நானும் கொடுத்தேன். குறை சொல்லவில்லை. ஆனால், நான் கொடுத்த இரண்டு ஆண்டும் ஒரு விங்கர் கொடுக்கும் இரண்டு ஆண்டும் ஒன்றா என்று கேட்டால், மைக் இல்லாத இடத்தில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

2018-ல் பென் டேவிஸ் விஷயம் வந்தபோது மைக் இருந்த இடத்தில் இருந்தேன். 17 வயதுச் சிங்கப்பூர்ப் பையன், இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவுடன் இரண்டாண்டு ஒப்பந்தம். பிரிமியர் லீக் குழு ஒன்றுடன் நிபுணத்துவ ஒப்பந்தம் போட்ட முதல் சிங்கப்பூரர். சேவையைத் தள்ளிவைக்கக் கேட்ட விண்ணப்பத்தைத் தற்காப்பு அமைச்சு ஏற்கவில்லை. 2003-க்குப் பிறகு நீண்டகாலத் தள்ளிவைப்பு பெற்ற விளையாட்டாளர்கள் மூன்றே பேர் என்று அப்போது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஜோசஃப் ஸ்கூலிங் உட்பட இரண்டு நீச்சல் வீரர்கள், ஒரு பாய்மரப் படகோட்டி. காற்பந்தில் யாருமில்லை. பென் டேவிஸ் சேவைக்குத் திரும்பவில்லை. பிற்பாடு தாய்லாந்து அணிக்காக ஆடினார். அந்த வாரம் வானொலி நிலையத்துக்குப் பேசிய நேயர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ‘என் பையன் போகலையா, அவன் மட்டும் என்ன’ என்று ஒரு பக்கம். ‘ஒரே ஒரு பையனையாவது விட்டுப் பாருங்களேன்’ என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பெற்றோர்தான் பேசினார்கள். 17 வயதுக்காரர் ஒருவரும் அழைக்கவில்லை.

“எனக்கு ஃபுல்ஹம் எல்லாம் வேணாம் மாமா” என்றான் பையன். “ஜாலான் புசார் போதும்.”

அந்த நேரம் பார்த்து ஜாலான் புசார் விளையாட்டரங்கம் டிர்விட் சாலையில் கண்ணுக்குத் தெரிந்தது. 1929 டிசம்பர் 26-ல் திறந்த இடம். காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை, மலாயாக் கிண்ணமும் மலேசியக் கிண்ணமும் இங்கேதான். கூட்டம் நிரம்பி வழிய, பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்தும் பார்ப்பார்களாம். 1942-ல் சீன ஆண்களைச் சோதித்துப் பிரித்த இடங்களில் ஒன்றாகவும் இது இருந்தது. இன்றைய அரங்கு இடித்துக் கட்டியது, செயற்கைப் புல், ஏறக்குறைய ஆறாயிரம் இருக்கைகள். காற்பந்துச் சங்கத்தின் அலுவலகமும் இங்கேதான். சுற்றிலும் வன்பொருள் கடைகள், இப்போது அவற்றுக்கு நடுவே காப்பி ஒன்றுக்கு ஏழு வெள்ளி வாங்கும் இடங்கள்.

உள்ளே பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கம்பியோரம் பெற்றோர், குடை, தண்ணீர்ப் போத்தல். ஒரு தமிழ்க் குரல், “பாஸ் பண்ணு டா, பாஸ் பண்ணு!” என்றது. அந்தப் பையன் பாஸ் பண்ணவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பேரனைக் கூட்டி வந்தவர். பேச்சு வந்தது. எழுபதுகளில் ஃபேரர் பார்க்கில் தன் அலுவலகக் குழுவுக்காக ஆடினாராம். இவன் ஒப்பந்தம் போடப்போகிறான் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“முட்டி அடிபட்டா யாரு பாப்பாங்கன்னு எழுதியிருக்கா தம்பி?” என்றார் அவனிடம். பிறகு தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். “எனக்கு எழுதல.”

வீடு திரும்பும் வழியில் பையன் ரசீதை எடுக்கவில்லை. கைப்பேசியில் ஒன்பது பக்கத்தையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தான். லிட்டில் இந்தியா நிலையம் தாண்டியபோது, “மாமா, ஆறாம் பக்கத்துல இஞ்சுரி பத்தி இருக்கு. மூணு மாசம் முழுச் சம்பளம்னு போட்டிருக்கு. நாலாவது மாசம்?” என்றான்.

நாலாவது மாதத்தைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

அன்று இரவு அரிசி வாளியின்மேலிருந்த கோப்பு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அத்தான் தொலைக்காட்சியை அணைத்தார், அது எங்கள் குடும்பத்தில் பெரிய சம்பவம். நான்கு கேள்விகளை எழுதினோம். பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன் வைக்க முடியுமா, நாலாவது மாதம் என்ன, மாலைப் பயிற்சிக்கு மட்டும் வந்து டிப்ளோமாவை முடிக்கலாமா, தேசிய சேவைக்குப் போனால் அவனுடைய பதிவு யாரிடம் இருக்கும். மறுநாள் பேசியது நானல்ல, பையன்தான். வராந்தாவில் நின்றுகொண்டு, குரல் நடுங்க, ஒவ்வொன்றாகக் கேட்டான்.

முதல் கேள்விக்கு உடனே சரி என்றார்கள். இரண்டாவதற்கு, ஆறு மாதம்வரை பாதிச் சம்பளம் என்று சேர்த்தார்கள். மூன்றாவதுதான் இழுத்தது. கடைசியில் மாலைப் பயிற்சி மட்டும், பருவம் முழுக்க மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்தான் இடம், சம்பளம் பாதிக்கும் குறைவு என்றார்கள். நான்காவதற்கு, “பிறகு பார்க்கலாம்” என்று பதில். அது எழுத்தில் வரவில்லை.

ஒரு நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுடைய வயதுக் குழுவில் ஆடும் இன்னொரு பையன் முழுநேர ஒப்பந்தம் போட்டுவிட்டான். இருவரும் பத்து வயதிலிருந்து ஒன்றாக ஆடியவர்கள். அடுத்த பருவத்தில் அந்தப் பையன் களத்தில் இறங்குவான், இவன் ஓரத்தில் உட்கார்ந்து சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருப்பான். இது சரியான முடிவா என்று என்னைக் கேட்டான். நான் வானொலியில் எல்லாவற்றுக்கும் கருத்து சொல்கிறவன். அன்று சொல்லவில்லை.

பரிசோதனை புதன்கிழமை. முழங்கால், கணுக்கால், இதயம் எல்லாம் நன்றாக இருந்தன. இரண்டு நாள் கழித்து குழு அலுவலகத்தில் ஒரு சிறிய அறை, குளிரூட்டி சத்தம், சுவரில் பழைய அணிப் படங்கள். படமெடுக்க ஒருவர் வந்திருந்தார். பையன் பேனாவை எடுத்தான். பழகிவைத்த பெரிய எழுத்தும் சுழியும் எங்கே போயினவோ தெரியவில்லை. தேர்வுத்தாளில் எழுதுவதுபோலப் பெயரை முழுதாக, நிதானமாக எழுதினான்.

அடுத்த கட்டம் பெற்றோருக்கானது. அக்கா பேனாவை வாங்கி, தன் பெயரைத் தமிழில் கையெழுத்திட்டார். அலுவலர் ஒரு கணம் பார்த்துவிட்டு, அடையாள அட்டையில் இருப்பதுபோல ஆங்கிலத்திலும் கீழே எழுதச் சொன்னார். எழுதினார்.

“எத்தனாம் நம்பர் சட்டை?” என்று அத்தான் கேட்டார்.

“37” என்றான்.

“பெரிய நம்பர்தான்” என்றார் அத்தான்.